வாசலில் வந்து விசாரித்த மாநகராட்சி: கொரோனாக் காலச் சென்னையின் சுகாதாரச் சேவை குறித்து ஒரு மதிப்பீடு

ஓட்டலையும் கைப்பேசியையும் மதிப்பிட்டு எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். சொத்து வரி கட்டிவிட்டுப் பெற்றுக்கொள்ளும் சேவையை அப்படி உட்கார்ந்து மதிப்பிடும் வழக்கம் நம்மிடம் குறைவு. குப்பை அள்ளாவிட்டால் திட்டுவோம், அள்ளிவிட்டால் மறந்துவிடுவோம். பெருநகர சென்னை மாநகராட்சி 2020 மார்ச் முதல் 2021 இறுதி வரை கொரோனாத் தொற்றுக்காகச் செய்த பொதுச் சுகாதாரப் பணிகளை, ஓட்டேரியில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் ஒரு வீட்டின் வாசலில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதிவைக்க நினைக்கிறேன். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாநகராட்சி எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பிச் செய்த வேலைகள் ஏறக்குறைய அனைத்தும் நன்றாக நடந்தன. மேலிருந்து உத்தரவு போட்டு எங்களைத் தடுத்து நிறுத்தியவையும், மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவையும் பெரும்பாலும் சோடை போயின.

முதலில் வேலையின் அளவைப் பார்க்க வேண்டும். 426 சதுர கிலோமீட்டர் பரப்பு, 15 மண்டலங்கள், 200 வார்டுகள். வட சென்னையின் பல தெருக்களில் எதிர்வீட்டுத் திண்ணையில் பேசுவது இந்த வீட்டு அடுக்களையில் கேட்கும். அங்கே ஆறடி இடைவெளி என்பது எழுதிப் பார்க்க மட்டுமே ஆகும். 2020 ஏப்ரல் முடிவில் சென்னையில் தொற்று உறுதியானவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 900. மே முடிவில் அது 15 ஆயிரத்தை நெருங்கியது. ஜூன் முடிவில் 58 ஆயிரத்தைக் கடந்தது. இந்த வேகத்தில் ஏறும் ஒரு நோயை, 2016 அக்டோபருக்குப் பிறகு மேயரோ கவுன்சிலரோ இல்லாமல், முழுக்க முழுக்க அதிகாரிகளைக் கொண்டே நடந்துகொண்டிருந்த ஒரு நிர்வாகம் எதிர்கொண்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் பலன் பலவற்றில் தெரிந்தது.

வீடு வீடாக நடந்த காய்ச்சல் கணக்கெடுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற அனைத்தும் அதன்மேல்தான் நின்றன. ஏப்ரல் முதல் வாரத்தில் தொடங்கிய இப்பணியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈடுபடுத்தப்பட்டார்கள். டெங்குக் காலத்தில் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்க வரும் மலேரியாப் பணியாளர்கள், மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், இதற்கென்றே தற்காலிகமாகச் சேர்க்கப்பட்ட அந்தந்தப் பகுதி இளைஞர்கள், இளம்பெண்கள் என்று பலதரப்பட்டவர்கள் அதில் இருந்தார்கள். எங்கள் தெருவுக்கு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். தலையில் மாநகராட்சித் தொப்பி, கையில் நீள நோட்டு, தோள்பையில் நெற்றிக்கு நேராகக் காட்டும் வெப்பமானி, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "அக்கா, வீட்ல யாருக்காவது காய்ச்சல், இருமல், சளி இருக்கா? சாப்பாட்டுல ருசி, வாசனை தெரியுதா?" என்று ஒரே மூச்சில் கேட்பார். முதல் வாரத்தில் பல வீடுகளில் கதவைத் திறக்கவே இல்லை. குடியுரிமைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்து முடிந்த சூட்டோடு வந்த கணக்கெடுப்பு என்பதால், பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டு போகும் எவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் மனநிலை சில தெருக்களில் இருந்தது. அதை அவர் மாற்றிய விதம் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதியிருக்காது: தினமும் வந்தார், அதே நேரத்துக்கு வந்தார், யார் வீட்டில் சர்க்கரை நோயாளி, யார் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்று பத்தே நாளில் நோட்டைப் பார்க்காமலே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டார்.

ஒரு நாள் என் அம்மாவின் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டியபோது அது 88 என்று காட்டியது. வீட்டில் இருந்த எல்லோருக்கும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அந்தப் பெண் பதறவில்லை. "மருதாணி வெச்ச வெரல்ல சரியா காட்டாதும்மா, அந்தக் கையக் குடுங்க" என்று இடது கையின் வெறும் விரலில் மாட்டினார், 97 வந்தது. அதோடு விடாமல் இரண்டு நிமிடம் நின்று, எண் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் பயிற்சியில் இதைச் சொல்லிக்கொடுத்தார்களா, அவராக வீடு வீடாகப் பார்த்துக் கற்றுக்கொண்டாரா என்று தெரியாது. ஆனால் மாநகராட்சியின் சேவையில் எனக்கு மிக உயர்வாகத் தோன்றிய ஒரு நிமிடத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கணக்கெடுப்பில் காய்ச்சல் என்று தெரிந்தவர்களை அனுப்பிய இடம் காய்ச்சல் முகாம். 2020 மே மாதத்தில் தொடங்கி, ஜூன், ஜூலையில் ஒரு நாளைக்கு ஐந்நூறு முகாம்கள் வரை நடந்தன. இது சென்னைக்கு முற்றிலும் புதிய ஏற்பாடு ஒன்றும் அல்ல. மழைக்காலத்தில் தெருமுனையில் மேசை போட்டு மாத்திரை கொடுக்கும் பழைய வழக்கத்தைத்தான் பல மடங்காகப் பெருக்கினார்கள். 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும், தண்டையார்பேட்டையில் காலரா ஆஸ்பத்திரி என்றே பழைய ஆட்கள் சொல்லும் தொற்றுநோய் மருத்துவமனையும் மாநகராட்சியின் சொந்த நிர்வாகத்தில் இருந்ததால்தான் இதைச் சில வாரங்களில் செய்ய முடிந்தது. இந்தியாவின் பல நகரங்களில் மாநகராட்சி என்பது சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்பதோடு நின்றுவிடும். இங்கே தடுப்பூசி போடும் செவிலியரும், கொசு மருந்து அடிப்பவரும், பிறப்பு இறப்புச் சான்றிதழ் தருபவரும் ஒரே குடையின்கீழ் இருப்பது பல ஆண்டு முதலீடு. அது அந்த வருடம் வட்டியோடு திரும்பி வந்தது.

ஜூன் மாதத்தில் எனக்கே காய்ச்சல் வந்தது. முகாம் நடந்தது பக்கத்துத் தெருவின் மாநகராட்சிப் பள்ளியில். ஷாமியானா பந்தல், இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகள், சுண்ணாம்பில் வரைந்த வட்டங்கள். ஓர் இளம் மருத்துவர், ஒரு செவிலியர், பதிவு செய்ய ஒருவர், குப்பைத்தொட்டியின் மஞ்சள் பையை அவ்வப்போது கட்டி எடுத்துச் செல்ல ஒரு தூய்மைப் பணியாளர். காலையில் பத்து மணிக்குப் போனவனை ஸ்வாப் எடுத்து அனுப்பும்போது பதினொன்றரை. மூக்குக்குள் குச்சி போகும்போது கண்ணில் நீர் வந்ததைப் பார்த்து அந்தச் செவிலியர், "அழுவாதீங்க சார், முடிஞ்சுது" என்றார். அழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோது தொண்டையிலும் ஒன்று எடுத்துவிட்டார். காசு எதுவும் கேட்கவில்லை. அதே வாரத்தில் என் தம்பி, தன் அலுவலகத்தார் சொன்னார்கள் என்று ஒரு தனியார் ஆய்வகத்துக்குப் பணம் கட்டிச் சோதனை செய்துகொண்டு, முடிவுக்காக நான்கு நாள் காத்திருந்தான். தொலைபேசியை எடுக்க அங்கே ஆள் இல்லை. எனக்கு மறுநாள் மாலை குறுஞ்செய்தி வந்தது. அதற்குமுன்பே மண்டல அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்து, யார் யாரைக் கடைசி ஐந்து நாளில் சந்தித்தேன் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

இங்கே சோதனை முறை பற்றி ஒரு வார்த்தை. டெல்லி உள்ளிட்ட பல நகரங்கள் அரை மணியில் முடிவு தரும் ஆன்டிஜன் சோதனையைப் பெருமளவில் சேர்த்துக்கொண்டு எண்ணிக்கையை உயர்த்திக் காட்டிய காலத்தில், தமிழ்நாடு ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையை மட்டுமே நம்பியது. சென்னையும் அதையே பின்பற்றியது. ஆன்டிஜன் சோதனை தொற்று இருப்பவரையும் இல்லை என்று சொல்லிவிடும் வாய்ப்பு அதிகம். நெருக்கமான தெருவில் அப்படித் தவறாக விடப்பட்ட ஒருவர் எத்தனை வீடுகளுக்குக் கொண்டுபோவார் என்று யோசித்தால், ஒரு நாள் கூடுதலாகக் காத்திருப்பது பெரிய விலை இல்லை. இந்தப் பிடிவாதம் மாநில அரசினுடையது என்றாலும், அதை நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளாகத் தெருவில் நடத்திக் காட்டியது மாநகராட்சி.

தொற்று உறுதியானவுடன் நேராக மருத்துவமனைக்குத் தூக்கிப் போகவில்லை. ஒரு வேனில், மண்டலத்துக்கென்று ஒதுக்கிய ஒரு கல்லூரியில் இருந்த முதற்கட்டப் பரிசோதனை மையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., ஆக்ஸிஜன் அளவு எல்லாம் பார்த்து, மூன்றில் ஒரு வழியைச் சொன்னார்கள்: லேசான பாதிப்போடு வீட்டில் தனி அறையும் தனிக் கழிப்பறையும் இருந்தால் வீடு, அவை இல்லாவிட்டால் நந்தம்பாக்கம் வர்த்தக மையம், அத்திப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்பு போன்ற பராமரிப்பு மையம், மூச்சுத் திணறல் இருந்தால் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி போன்ற பெரிய மருத்துவமனை. இந்த வடிகட்டும் ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்திருந்தால் ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் அறிகுறியே இல்லாதவர்கள் மருத்துவமனைப் படுக்கைகளை நிரப்பிக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். தாமதமாக வந்தாலும் உருப்படியாக வந்தது.

என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாடி அறையில் பதினான்கு நாள். ஜிங்க், வைட்டமின் சி மாத்திரைகள், ஒரு பொட்டலம் கபசுரக் குடிநீர்ப் பொடி. அதன்பின் வந்ததுதான் எதிர்பாராத பகுதி: தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குக் கடைகண்ணிக்குப் போய் வர 'ஃபோக்கஸ்' என்ற பெயரில் தன்னார்வலர்களை மாநகராட்சி நியமித்திருந்தது. எங்களுக்கு வந்த பையன் கல்லூரி மாணவன். காலையில் அழைத்து, "என்னண்ணே வேணும்?" என்பான், பால், காய்கறி, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை எல்லாம் வாங்கிக் கேட்டில் மாட்டிவிட்டு, பில்லை ஒரு கவரில் போட்டுச் சில்லறையோடு வைத்துவிடுவான். கத்தரிக்காய் வாங்கத் தெரியாது. முற்றல் காயாகவே வாங்கி வருவான். அம்மா ஜன்னலிலிருந்து காம்பைப் பார்த்து வாங்கும் வித்தையைக் கத்திச் சொல்லிக்கொடுத்தார். ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று யோசிப்பதும் தொற்றுக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதி என்பதை மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் யாரோ ஒருவர் உணர்ந்திருக்கிறார்.

அதே யோசனையின் இன்னொரு முகம் அம்மா உணவகங்கள். 2013-இல் மாநகராட்சி தொடங்கி, நகரெங்கும் நானூறு அளவில் நடத்திவந்த இந்த உணவகங்களில், முழு ஊரடங்கின் பல கட்டங்களில், 2020 ஜூன் 19 முதல் 30 வரையிலான கடும் ஊரடங்கு உட்பட, இலவசமாகவே உணவு கொடுத்தார்கள். ஒரு ரூபாய் இட்லியைக்கூட வாங்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பது அந்த நாட்களின் வரிசையில் தெரிந்தது. கட்டட வேலைக்கு வந்து மாட்டிக்கொண்ட வடமாநிலத் தொழிலாளர்களும், மூட்டை தூக்குபவர்களும், ஆட்டோ ஓட்டுபவர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். அடுப்பங்கரையில் வேலை செய்தவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். நகரமே வீட்டுக்குள் இருந்தபோது விடியற்காலையில் வேலைக்கு வந்தவர்கள்.

இனி சோடை போனவற்றுக்கு வருகிறேன். முதலில் தகரம். தொற்று கண்ட வீட்டையும் சில இடங்களில் தெருவையும் தகரத் தகடு வைத்து அடைக்கும் வேலையைச் சென்னையில் அந்த ஆண்டு பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சவுக்குக் கட்டையை நட்டு, அதன்மேல் தகரத்தை அறைந்து, ஒரு பதாகையைக் கட்டிவிட்டுப் போவார்கள். உள்ளே ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் எப்படி நுழையும், தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்விகளுக்குத் தகரம் பதில் சொல்லாது. அதைவிடப் பெரிய கேடு வேறு: சோதனைக்குப் போனால் வீட்டைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, காய்ச்சலைப் பாராசிட்டமால் போட்டு அமுக்கிக்கொண்டு, கணக்கெடுக்க வந்த பெண்ணிடம் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொன்ன குடும்பங்கள் உண்டு. ஒரு கையால் வீடு வீடாகப் போய் நம்பிக்கையைச் சம்பாதித்து, மறு கையால் தகரம் அடித்து அதைச் செலவழித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். வைரஸ் மூச்சுக்காற்றில் பரவுகிறது. கேட்டுக்கு வெளியே அடித்த தகரம் உள்ளே இருப்பவரின் மூச்சைத் தடுப்பதில்லை.

வீட்டுக் கதவில் ஒட்டிய தனிமைப்படுத்தல் ஒட்டுவில்லையும் இதே ரகம். 2020 மார்ச் முடிவில், ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் கட்சி அலுவலகமாக இயங்கிவந்த வீட்டில் அதை ஒட்டிவிட்டு, பிறகு வந்து அகற்றிய கூத்து எல்லோருக்கும் தெரியும். பிரபலமானவர் என்பதால் அது செய்தியானது, உடனே சரியும் ஆனது. நாள் கடந்தும் கிழிக்கப்படாத ஒட்டுவில்லையால் வீட்டு வேலைக்குப் போக முடியாமல் நின்ற பெண்களின் கதை செய்தியாகவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய உத்தரவு இருந்தால் ஒழிய இப்படி ஒட்டத் தேவையில்லை என்று சொன்னது.

கோயம்பேடு மொத்தச் சந்தையில் நடந்ததை மாநகராட்சியின் தோல்வி என்று முழுவதுமாக எழுதிவிட முடியாது. சந்தையை நிர்வகிப்பது பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அங்காடிக் குழு. ஆனாலும் நகரத்தின் சுகாதாரத்துக்குப் பொறுப்பான அமைப்பை அதிலிருந்து விலக்கிவைக்கவும் முடியாது. சந்தையைப் பிரித்து இடம் மாற்ற வியாபாரிகளோடு பேச்சு நடந்துகொண்டே இருந்தது, முடிவு வரவில்லை. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். 25-ஆம் தேதி சனிக்கிழமை காலையில் கோயம்பேட்டில் தோளோடு தோள் உரசி நின்ற கூட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த எவருக்கும் அடுத்த இரண்டு வாரம் என்ன ஆகும் என்று சோதிடம் தெரிய வேண்டியதில்லை. மே 5-இல் சந்தையை மூடியபோது சுமைதூக்கும் தொழிலாளர்கள் லாரி ஏறிக் கடலூருக்கும், விழுப்புரத்துக்கும், அரியலூருக்கும், பெரம்பலூருக்கும் போய்விட்டிருந்தார்கள். அந்த மாவட்டங்களின் எண்ணிக்கை ஒரே வாரத்தில் குதித்தது. திருமழிசையில் தற்காலிகச் சந்தை அமைத்தார்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் நிழல் இல்லை. ஆனால் கடைகளுக்கு இடையே இடைவெளி இருந்தது. அதை ஒரு மாதம் முன்பே செய்திருக்கலாம் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மருந்து தெளிப்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. தீயணைப்பு வண்டியிலும் டிரோனிலும் கிருமிநாசினியைத் தெருவெங்கும் பீய்ச்சினார்கள். திறந்த வெளியில் அப்படித் தெளிப்பதால் பயனில்லை என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மே மாதமே சொல்லியிருந்தது. பார்ப்பதற்கு ஏதோ நடப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். கபசுரக் குடிநீரை நான் குறை சொல்லமாட்டேன்: நிலவேம்பும் சீந்திலும் சேர்ந்த கசப்பைத் தெருமுனையில் கூடி நின்று குடித்ததில் ஒரு தைரியம் கிடைத்தது, அதைத் தொற்றைத் தடுக்கும் மருந்து என்று நம்பி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிக்கொண்டவர்களுக்கு அந்தத் தைரியமே ஆபத்தாகவும் ஆனது. முகக்கவசம் போடாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்ற சட்டத் திருத்தம் 2020 செப்டம்பரில் வந்தது. அபராதத்தோடு ஒரு முகக்கவசத்தையும் கையில் கொடுத்திருக்கலாம்.

என்னால் எளிதில் மன்னிக்க முடியாதது மரணக் கணக்கு. சென்னையில் ஒருவர் இறந்தால் அதைப் பதிவு செய்வது மாநகராட்சியின் சுகாதாரத் துறை. நாள்தோறும் மாலையில் மாநில அரசு வெளியிட்ட அறிக்கையில் இருந்த எண்ணும், ரிப்பன் மாளிகையின் பதிவேட்டில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை என்று 2020 ஜூனில் செய்திகள் வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள் விடுபட்டிருக்கின்றன என்று பேச்சு எழுந்தது. ஒரு குழு அமைத்தார்கள். ஜூலை 22-ஆம் தேதி, மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை சென்னையில் நிகழ்ந்து கணக்கில் வராமல் போன 444 மரணங்கள் சேர்க்கப்பட்டன. சேர்த்தது நேர்மையான செயல். பல மாநிலங்கள் அதையும் செய்யவில்லை. ஆனால் நகரம் தன் ஊரடங்கைத் தளர்த்துவதா, இறுக்குவதா என்று முடிவெடுத்துக்கொண்டிருந்த அதே வாரங்களில் உண்மை எண் யாரிடமும் இல்லை. மருத்துவமனையிலிருந்து பதிவேட்டுக்கும், பதிவேட்டிலிருந்து அரசு அறிக்கைக்கும் ஒரு தாள் போய்ச் சேர வேண்டிய வேலை அது. பத்தாயிரம் பேரைத் தினமும் தெருவில் நடக்க வைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு அந்த ஒரு தாளை நடக்க வைக்கத் தெரியவில்லை.

தகரம், ஒட்டுவில்லை, மரணக் கணக்கு ஆகியவற்றில் பொதுவாக ஒன்று உண்டு: இவற்றைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது என்று மக்களுக்குத் தெரியவில்லை. மாநகராட்சியின் புகார்த் தொலைபேசியான 1913-க்கு அழைத்தால் புகார் எண் தருவார்கள். ஆனால் தெருமுனையில் நிறுத்தி, "என்னங்க இப்படி அடைச்சுட்டீங்க?" என்று கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. ஆணையராக இருந்த கோ.பிரகாஷும், சென்னைக்கென்று நியமிக்கப்பட்ட சிறப்பு அதிகாரி ஜெ.ராதாகிருஷ்ணனும், மண்டலம்தோறும் அனுப்பப்பட்ட ஐ.ஏ.எஸ். அதிகாரிகளும் ஓயாமல் உழைத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்கள் தெருவில் நடந்து பார்த்தார்கள். ஆனாலும் அதிகாரி மேலே பதில் சொல்கிறவர். 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் நடந்து, மார்ச்சில் மேயர் பதவியேற்றபோது மூன்று அலைகள் வந்து போயிருந்தன.

இரண்டாம் அலையில் முன்பு கட்டிவைத்தவை எல்லாம் சோதிக்கப்பட்டன. 2021 மே மாதத்தில் சென்னையில் ஒரே நாள் தொற்று 7,500-ஐத் தாண்டியது. முந்தைய ஆண்டின் உச்சம் சுமார் 2,400. ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற காட்சியை மறக்க முடியாது. தொற்று குறைந்தபோது எண்ணிக்கையைக் குறைத்துவிட்ட களப்பணியாளர்களை அவசர அவசரமாக மீண்டும் சேர்த்தார்கள். புதிய ஆணையராக வந்த ககன்தீப் சிங் பேடியின் காலத்தில் பரிசோதனை மையங்கள் இரவு பகலாக இயங்கின. வாடகைக் கார்களை நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளாக மாற்றி மண்டலங்களுக்குக் கொடுத்தார்கள், இதனால் ஆம்புலன்ஸ் உண்மையிலேயே ஆக்ஸிஜன் தேவைப்படுபவருக்குக் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்களுக்கு மருத்துவ மாணவர்கள் தொலைபேசியில் அழைத்து ஆக்ஸிஜன் அளவைக் கேட்டார்கள். படுக்கைப் பற்றாக்குறையை மாநகராட்சியால் தீர்க்க முடியவில்லை. ஆனால் வீட்டில் இருக்கலாமா, மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா என்று சொல்ல ஓர் இடம் இருந்தது. முந்தைய ஆண்டு கற்ற வடிகட்டும் முறை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வரிசை அண்ணா சாலை வரை நீண்டிருக்கும்.

தடுப்பூசியில் தொடக்கம் தடுமாற்றம்தான்: மே, ஜூனில் வரத்து இல்லை, டோக்கனுக்காக விடியற்காலையில் வரிசை. வரத்து சீரானதும் மாநகராட்சி தன் பழைய பலத்துக்குத் திரும்பியது. செப்டம்பர் 12-ஆம் தேதி நடந்த முதல் மாபெரும் முகாமில் சென்னையில் மட்டும் வார்டுக்கு எட்டு வீதம் 1,600 இடங்களில் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பே, எண்பது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து போடும் ஏற்பாடு தொடங்கியிருந்தது. அம்மாவுக்கு எண்பத்தொன்று, மூட்டுவலியால் படி இறங்கமாட்டார். பதிவு செய்த மூன்றாம் நாள் ஒரு மருத்துவரும், குளிர்ப்பெட்டியோடு ஒரு செவிலியரும் வந்தார்கள். வழி காட்டிக்கொண்டு முன்னால் வந்தவர், முந்தைய ஆண்டு நோட்டோடு வந்த அதே பெண்.

ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது விதி. மருத்துவர் அடுத்த வீட்டுப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார், செவிலியர் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மோர் வாங்கிக் குடித்தார். அம்மா அந்தப் பெண்ணிடம், இவ்வளவு நாள் எங்கே போனாய் என்று கேட்டார். "நவம்பர்லயே நிறுத்திட்டாங்கம்மா, ஏப்ரல்ல மறுபடி கூப்டாங்க. இதுவும் எத்தன மாசம்னு தெரில" என்றார் அவர். நடுவில் ஒரு துணிக்கடையில் நின்றாராம். எங்கள் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று அப்போதும் நோட்டைப் பார்க்காமலே சொன்னார். அந்தப் பழைய நோட்டை அலுவலகத்தில் கொடுத்துவிட்டதாகவும், இந்த முறை புதிதாக எல்லா வீட்டையும் முதலிலிருந்து எழுதச் சொன்னார்கள் என்றும் சொன்னார். ஆண்டு இறுதிக்குப் பிறகு எங்கள் தெருவில் அவரைப் பார்க்கவில்லை.